எழுதியாச்சு: ஒரு ஃபைல் சிஸ்டம் எப்போது தயாராகிறது?

2009-ல் நான் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறையில் நான்கு பேருக்குப் பொதுவாக ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். யுபிஎஸ் வாங்கக் காசு இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் உபுண்டு 9.04 வந்திருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது எந்த ஃபைல் சிஸ்டம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இயல்பாகத் தேர்வாகியிருந்தது எக்ஸ்ட்3. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக எக்ஸ்ட்4 என்று ஒன்று. மூன்றைவிட நான்கு பெரிது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஒரு மாலை, அறை நண்பன் தன் பென் டிரைவைக் காலி செய்ய வேண்டும் என்றான். அவன் அக்காவின் நிச்சயதார்த்தப் போட்டோக்கள் அதில் இருந்தன. கேமராவின் மெமரி கார்டை வீட்டில் ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். "மச்சான், அப்படியே கட் பண்ணி உன் ஃபோல்டர்ல பேஸ்ட் பண்ணிடு" என்றான். செய்தேன். பச்சைப் பட்டை முழுதாக ஓடி முடிந்தது. பென் டிரைவை முறைப்படி அன்மவுண்ட் செய்து கையில் கொடுத்தேன். அவன் கதவைத் தாண்டியிருக்க மாட்டான், கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. எழுந்து டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால் எல்லாப் போட்டோக்களும் பெயர் மாறாமல் வரிசையாக இருந்தன. ஆனால் கடைசிப் பதினேழு போட்டோக்களின் அளவு பூஜ்யம் பைட். பென் டிரைவில் எதுவும் இல்லை, நாம்தான் 'கட்' செய்துவிட்டோமே. பெயர்ப்பலகை மாட்டிய பதினேழு காலி வீடுகள்.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அதைத்தான் நானும் நம்பினேன். அது உண்மையில்லை என்று தெரிய எனக்கு ஐந்தாறு வருடமும் ஒரு வேலையும் தேவைப்பட்டன. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. எக்ஸ்ட்4 தன் விதிப்படிதான் நடந்துகொண்டது. அப்படியென்றால் தவறு யாருடையது? இந்தக் கேள்வியை 2009-ன் தொடக்கத்திலேயே உலகின் சில மிகச்சிறந்த நிரலாளர்கள் கடுமையாக விவாதித்திருந்தார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். புதிய ஃபைல் சிஸ்டம் ஒன்றை நம்பலாமா, எப்போது நம்பலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் நான் அந்த விவாதத்துக்குத்தான் திரும்பிப் போகிறேன்.

*

பாடநூல்கள் இதைக் கோப்பு முறைமை என்கின்றன. நாங்கள் ஃபைல் சிஸ்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டிஸ்க் என்பது எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான சிறு பெட்டிகள், அவ்வளவுதான். எந்தப் பெட்டியில் யாருடைய சரக்கு இருக்கிறது, எது காலி என்று கணக்கு வைப்பது ஃபைல் சிஸ்டத்தின் வேலை. ஒரு மளிகை மண்டியின் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "எழுதியாச்சு, நீங்க கிளம்புங்க" என்பார். உண்மையில் அப்போது எழுதியிருக்க மாட்டார். சரக்கை வாசல் திண்ணையில் வைத்துக்கொண்டு, பத்து பேருடையது சேர்ந்தபின் ஒரே நடையில் உள்ளே கொண்டுபோவார். திண்ணை என்பது நினைவகம், ரேம். டிஸ்க் மெதுவானது என்பதால் எல்லா நவீன இயங்குதளங்களும் இப்படித்தான் இயங்குகின்றன. நீங்கள் சேவ் பட்டனை அழுத்தும் நொடிக்கும், எழுத்து உண்மையில் டிஸ்க்கைத் தொடும் நொடிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் சொன்ன பதில்தான்.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது மினிக்ஸின் ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொண்டார். மினிக்ஸ் வகுப்பறைக்காக எழுதப்பட்டது. 64 எம்பிக்கு மேல் தாங்காது, கோப்பின் பெயர் 14 எழுத்தைத் தாண்டக் கூடாது. 1992-ல் ரெமி கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் எக்ஸ்டெண்டட் ஃபைல் சிஸ்டம் என்ற எக்ஸ்ட்டை எழுதினார். அதன் குறைகள் சீக்கிரமே தெரியவர, 1993 ஜனவரியில் எக்ஸ்ட்2 வந்தது. அதே காலத்தில் ஃபிராங்க் ஷியா எழுதிய ஷியாஎஃப்எஸ் என்பதும் போட்டியில் இருந்தது. மினிக்ஸை ஒட்டி எழுதப்பட்டதால் அதுதான் தொடக்கத்தில் நிலையானதாக இருந்தது. ஆனால் எக்ஸ்ட்2-ன் அமைப்பில் பிற்காலத்துக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பிழைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன, சில ஆண்டுகளில் ஷியாஎஃப்எஸ் மறக்கப்பட்டது. அன்றைக்குத் தயாராக இருந்தது ஒன்று, நிலைத்தது வேறொன்று.

எக்ஸ்ட்2 வேகமானது. பெர்க்லி யூனிக்ஸ் மரபில் வந்தவர்களுக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. அவர்களுடைய ஃபைல் சிஸ்டம் கணக்கேட்டு மாற்றங்களை உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதும். எக்ஸ்ட்2 அதையும் திண்ணையில் வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் எஃப்எஸ்சிகே என்ற கருவி டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். டிஸ்க் சிறியதாக இருந்தவரை சில நிமிடங்களில் முடிந்தது. டிஸ்க் வளர வளர இந்தச் சோதனையும் வளர்ந்தது. பெரிய சர்வர்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

தீர்வு ஜர்னலிங். பேரேட்டைத் திருத்துவதற்கு முன்னால், என்ன திருத்தப்போகிறோம் என்பதை ஒரு சிட்டையில் குறித்துக்கொள்வது. நடுவில் விளக்கு அணைந்தால் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஸ்டீஃபன் ட்வீடி 1998-ல் இதை எக்ஸ்ட்2-வுக்குக் கொண்டுவரும் திட்டத்தை முன்வைத்தார். எக்ஸ்ட்3 என்ற பெயரில் அது 2001 நவம்பரில், 2.4.15 கெர்னலில் சேர்ந்தது.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, 2001 ஜனவரியில், ஹான்ஸ் ரைசரின் ரைசர்எஃப்எஸ் லினக்ஸில் சேர்ந்துவிட்டது. ஜர்னலிங் வசதியோடு கெர்னலுக்குள் வந்த முதல் ஃபைல் சிஸ்டம் அதுதான். சிறிய கோப்புகளைக் கையாளுவதில் எக்ஸ்ட்2-ஐவிட அது சிறந்தது. சூசே நிறுவனம் அதைத் தன் இயல்புத் தேர்வாக வைத்தது. தொழில்நுட்பரீதியாகப் பார்த்தால் ரைசர்எஃப்எஸ்தான் புதுமை. எக்ஸ்ட்3 பழைய வீட்டில் எடுத்த ஒரு கூடுதல் அறை.

ஆனால் அந்தக் கூடுதல் அறையில்தான் சூட்சுமம் இருந்தது. எக்ஸ்ட்2 டிஸ்க்கை அழிக்காமல் ஒரே கட்டளையில் எக்ஸ்ட்3 ஆக்கலாம். பிடிக்கவில்லையென்றால் ஒழுங்காக அன்மவுண்ட் செய்து மறுபடி எக்ஸ்ட்2-ஆகவே திறக்கலாம். புதியதை முயன்று பார்ப்பதற்குக் கொடுக்கவேண்டிய விலையை ட்வீடி ஏறக்குறைய இல்லாமலாக்கினார். திரும்பிவர வழி இருந்தால் மனிதர்கள் துணிந்து உள்ளே போவார்கள்.

ரைசர்எஃப்எஸ்ஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. ரைசரும் அவர் குழுவும் அடுத்த பதிப்பான ரைசர்4-க்கு நகர்ந்தார்கள், பழையதைப் பராமரிக்கும் சுமை மற்றவர்கள் மேல் விழுந்தது. 2006 அக்டோபரில் சூசே எக்ஸ்ட்3-க்கு மாறும் முடிவை அறிவித்தது. அதே மாதம் ரைசர் தன் மனைவியைக் கொன்ற வழக்கில் கைதானார். 2008-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மெல்ல மெல்லக் கவனிப்பார் இல்லாமல் போய், 2025 ஜனவரியில் வெளிவந்த 6.13 கெர்னலில் ரைசர்எஃப்எஸ் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு ஃபைல் சிஸ்டத்தின் ஆயுள் அதன் டிஸ்க் அமைப்பில் மட்டும் இல்லை, அதைப் பத்து வருடம் கழித்தும் திறந்து பார்த்துப் பழுதுநீக்கும் ஆட்கள் இருக்கிறார்களா என்பதிலும் இருக்கிறது.

*

எக்ஸ்ட்3 ஏறக்குறைய எட்டு வருடம் லினக்ஸ் உலகை ஆண்டது. அந்த எட்டு வருடத்தில் யாரும் கவனிக்காத ஒரு பழக்கம் உருவானது.

எக்ஸ்ட்3-ன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு ஐந்து நொடிக்கும் சிட்டை டிஸ்க்கில் பதியப்படும். அப்படிப் பதிவதற்கு முன், அந்தச் சிட்டை குறிப்பிடும் கோப்புகளின் உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போயிருக்க வேண்டும் என்பது விதி. முதலில் சரக்கு, பிறகு கணக்கு. இதன் பக்கவிளைவாக, கரண்ட் போனாலும் அதிகபட்சம் கடைசி ஐந்து நொடி வேலைதான் போகும், பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்பு அபூர்வம்.

இது வாக்குறுதி அல்ல. யூனிக்ஸ் தரமான பாசிக்ஸ் இப்படி எதையும் உறுதி சொல்லவில்லை. டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் எஃப்சிங்க் என்ற அழைப்பைச் செய்யவேண்டும் என்பதுதான் விதி. 'திண்ணையில் வைக்காதே, என் கண் முன்னால் உள்ளே வை' என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்வது மாதிரி. ஆனால் எக்ஸ்ட்3-ல் எஃப்சிங்க் மிகவும் செலவு பிடித்தது. ஒரு கோப்பை மட்டும் உள்ளே வை என்றால், திண்ணையில் இருக்கும் எல்லாருடைய சரக்கையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டுத்தான் திரும்பிவரும். 2008-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, பார்த்த பக்கங்களின் குறிப்பை எஸ்கியூலைட் மூலம் எஃப்சிங்க் செய்து சேமித்தபோது, எக்ஸ்ட்3 பயன்படுத்தியவர்களின் திரை சில நொடிகள் உறைந்து நின்றது. பயன்பாட்டு நிரல் எழுதியவர்கள் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: எஃப்சிங்க் போடாதே, போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

2006-ல் எக்ஸ்ட்3-ன் கொள்ளளவு போதவில்லை என்ற நிலை வந்தது. அதற்கான பேட்ச்களை எக்ஸ்ட்3-லேயே சேர்க்கப் பார்த்தபோது மற்ற கெர்னல் நிரலாளர்கள் தடுத்தார்கள். இத்தனை பேர் நம்பியிருக்கும் ஒன்றில் கை வைக்காதீர்கள் என்றார்கள். 2006 ஜூனில் தியோடர் சோ தனிப் பிரதி ஒன்றை எடுத்து எக்ஸ்ட்4-ஐத் தொடங்குவதாக அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் வந்த 2.6.19 கெர்னலில் அதன் பெயர் எக்ஸ்ட்4 அல்ல, 'எக்ஸ்ட்4டெவ்'. தெரியாமல் யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் பெயரிலேயே எச்சரிக்கை. இரண்டு வருடம் கழித்து, 2008 டிசம்பர் 25 அன்று வெளியான 2.6.28-ல் அந்த 'டெவ்' நீங்கியது. முறைப்படி அது தயார்.

2009 ஜனவரியில் உபுண்டுவின் பிழைப்பட்டியலில் 317781 என்ற எண்ணில் ஒரு புகார் பதிவானது. கணினி உறைந்து மறுபடி தொடங்கியபின் சமீபத்தில் எழுதிய கோப்புகள் பூஜ்யம் பைட்டாக இருக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். டெஸ்க்டாப் அமைப்புக் கோப்புகள் எல்லாம் காலியாகி, கணினி புதிதாக வாங்கியது போல நின்றது.

காரணம், எக்ஸ்ட்4-ன் பெருமைக்குரிய வசதிகளில் ஒன்றான தாமத ஒதுக்கீடு. கோப்பை எழுதும்போதே பெட்டி ஒதுக்காமல், முழுச் சரக்கும் வரட்டும், மொத்தமாக அடுத்தடுத்த பெட்டிகளாகப் பார்த்து ஒதுக்கலாம் என்று காத்திருக்கும். டிஸ்க் சிதறாது, வேகம் கூடும். எக்ஸ்எஃப்எஸ் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது, இதே மாதிரிப் புகார்களையும் சந்தித்திருந்தது. ஆனால் பெட்டியே ஒதுக்காதபோது 'முதலில் சரக்கு, பிறகு கணக்கு' என்ற விதி பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. கோப்பின் பெயர் ஐந்து நொடியில் பேரேட்டில் ஏறிவிடும். உள்ளடக்கம் அரை நிமிடமோ அதற்கு மேலோ திண்ணையில் இருக்கும்.

சோ மார்ச் 2009-ல் நீண்ட விளக்கம் எழுதினார். அவர் தரப்பு தெளிவானது. எக்ஸ்ட்4 பாசிக்ஸ் விதியை மீறவில்லை. எஃப்சிங்க் செய்யாமல் விட்டது பயன்பாட்டு நிரல்கள். எதிர்த்தரப்பும் தெளிவாகத்தான் பேசியது. எஃப்சிங்க் போட்டால் திட்டினீர்கள், போடாவிட்டால் கோப்பு போகிறது. மேலும், நாங்கள் கேட்பது உடனே எழுது என்று அல்ல. பழையது அல்லது புதியது, இரண்டில் ஒன்று இருக்கட்டும் என்றுதான். புதிய உள்ளடக்கத்தை வேறொரு பெயரில் எழுதிப் பழையதன் மேல் பெயர் மாற்றும் வழக்கத்தை நிரலாளர்கள் காலங்காலமாகக் கையாள்வதே அதற்குத்தான். பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றால் எப்படி?

இரண்டு தரப்பையும் இன்று படிக்கும்போது ஒருவரும் தவறாகப் பேசவில்லை என்றே தோன்றுகிறது. எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒருவரிடமும், எட்டு வருட வழக்கம் இன்னொருவரிடமும் இருந்தது. நம் ஊர்க் கூட்டுப் பாதைத் தகராறுகள் மாதிரிதான். பத்திரத்தில் பாதை இல்லை, ஆனால் தாத்தா காலத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சோ வாதத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, நிரலில் விட்டுக்கொடுத்தார். பழைய கோப்பின் மேல் பெயர் மாற்றினாலோ, பழையதைச் சுருக்கி அதிலேயே திருப்பி எழுதினாலோ, தாமதிக்காமல் உடனே ஒதுக்கி எழுதிவிடும்படி பேட்ச் எழுதினார். ஜூன் 2009-ல் வந்த 2.6.30 கெர்னலில் அது சேர்ந்தது. உபுண்டு அதற்கு முன்பே தன் கெர்னலில் எடுத்துக்கொண்டது.

அந்தப் பேட்ச் பழைய கோப்பை மாற்றி எழுதும்போதுதான் காப்பாற்றும். புத்தம்புதிய கோப்புக்குப் பொருந்தாது. பென் டிரைவிலிருந்து வந்த பதினேழு போட்டோக்களும் புத்தம்புதியவை. பென் டிரைவிலிருந்து அழித்தது உடனே அங்கே பதிந்துவிட்டது, இங்கே எழுதியது திண்ணையில் இருந்தது. நடுவில் கரண்ட் போனது. இது புரிந்த அன்று நான் நண்பனை அழைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

*

எக்ஸ்ட்4 பிறகு வேகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஃபெடோரா 11 ஜூன் 2009-லும், உபுண்டு 9.10 அக்டோபரிலும் அதை இயல்புத் தேர்வாக்கின. 2010 தொடக்கத்தில் கூகுள் தன் சர்வர்களை எக்ஸ்ட்2-லிருந்து எக்ஸ்ட்4-க்கு மாற்றும் செய்தி வந்தது. எக்ஸ்ட்2-லிருந்து! உலகம் எட்டு வருடம் எக்ஸ்ட்3-ல் இருந்தபோது அவர்கள் ஜர்னல் இல்லாத பழையதிலேயே இருந்தார்கள். அதோடு, ஜர்னல் இல்லாமல் எக்ஸ்ட்4-ஐ இயக்கும் வசதியைக் கெர்னலுக்கு எழுதிக்கொடுத்ததும் கூகுள் பொறியாளர்கள்தான். அவர்களிடம் ஒவ்வொரு தரவும் இயல்பாகவே மூன்று கணினிகளில் இருக்கும். ஒரு டிஸ்க் குழம்பினால் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்றிலிருந்து நகலெடுப்பார்கள். நமக்குப் பயங்கரமான ஆபத்து அவர்களுக்கு வீண் செலவைக் குறைக்கும் வழி.

'தயாரா?' என்ற கேள்வியில் 'யாருக்கு?' என்பது ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது பட்டர்எஃப்எஸ்ஸின் கதை. பெயரை 'பெட்டர்' என்றும் சொல்வார்கள், வெண்ணெய் என்றும் சொல்வார்கள். 2007-ல் ஆரக்கிளில் இருந்த கிரிஸ் மேசன் தொடங்கியது. பழையதன் மேல் எழுதாமல் எப்போதும் புதிய இடத்தில் எழுதுவது, ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்து டிஸ்க் பொய் சொன்னால் கண்டுபிடிப்பது, நொடியில் ஸ்னாப்ஷாட் எடுப்பது. சன் நிறுவனம் 2005-ல் இசட்எஃப்எஸ் மூலம் காட்டிய எதிர்காலத்தை, உரிமச் சிக்கலால் அதை எடுத்துக்கொள்ள முடியாத லினக்ஸுக்குக் கொண்டுவரும் முயற்சி. எக்ஸ்ட்4-ஐ எழுதிய சோவே தன்னுடையது இடைக்கால ஏற்பாடு, எதிர்காலம் பட்டர்எஃப்எஸ் என்று சொன்னார்.

2009-ல் அது கெர்னலில் சேர்ந்தது. 2011-ல் ஃபெடோரா 16-ன் இயல்புத் தேர்வாக்கத் திட்டமிட்டார்கள். பழுதான டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவி தயாராகாததால் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது தள்ளிவைத்ததாகவே இருந்து, கடைசியில் ஃபெடோரா 33-ல், 2020 அக்டோபரில் நடந்தது. ஒன்பது வருடம்.

நடுவில் 2014-ல் சூசே தன் நிறுவனப் பதிப்பில் அதை இயல்பாக்கியது, ஆனால் இயங்குதளம் இருக்கும் பகுதிக்கு மட்டும். பயனரின் தரவுக்கு எக்ஸ்எஃப்எஸ். அப்டேட் சொதப்பினால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம் என்ற நன்மை கிடைக்கும் இடத்தில் புதியதை வைத்தார்கள், இழந்தால் திரும்பக் கிடைக்காத இடத்தில் பழையதை வைத்தார்கள். 2017-ல் ரெட் ஹேட் நேரெதிராகப் போனது. பல வருடம் முன்னோட்ட நிலையிலேயே வைத்திருந்துவிட்டு, கைவிடுவதாக அறிவித்தது. 2019-ல் வந்த அதன் எட்டாம் பதிப்பில் பட்டர்எஃப்எஸ் இல்லை. அதே காலத்தில் ஃபேஸ்புக் தன் சர்வர்களில் அதைப் பெரிய அளவில் ஓட்டிக்கொண்டிருந்தது. மேசன் உட்பட அதன் முக்கிய நிரலாளர்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள்.

ஒரே நிரல், ஒரே ஆண்டு, எதிரெதிர் முடிவுகள். அவரவர் நிலையில் இரண்டும் சரி. பிழை வந்தால் எழுதியவரை இருக்கையிலிருந்து எழுப்பிக் கேட்க முடிந்த நிறுவனமும், பத்து வருடம் ஆதரவு தருகிறேன் என்று வாடிக்கையாளருக்குக் கையெழுத்துப் போட்ட நிறுவனமும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை. அதே பட்டர்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே தனி டிஸ்க்குக்கும் இரட்டைப் பிரதிக்கும் ஒரு நம்பகத்தன்மை, ரெய்ட் 5, 6 என்ற அமைப்புகளுக்கு வேறொன்று. பின்னவற்றை முக்கியமான தரவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

*

சரி, அப்படியென்றால் பழையதே பாதுகாப்பா? நான் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு ஆய்வுகள் அதை அசைத்தன. இரண்டும் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை.

2013-ல் வந்த முதல் ஆய்வு, எட்டு வருட காலத்தில் லினக்ஸின் ஆறு ஃபைல் சிஸ்டங்களில் சேர்ந்த 5079 பேட்ச்களை ஒவ்வொன்றாக வாசித்தது. வயதாக ஆகப் பிழைகள் வற்றிவிடும் என்பது நம் எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. முதிர்ந்தவை என்று கருதப்பட்டவற்றிலும் பிழைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன, ஏனென்றால் புதிய வசதிகளும் வந்துகொண்டே இருந்தன.

2014-ல் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இரண்டாவது ஆய்வு கேள்வியைத் திருப்பிப்போட்டது. ஃபைல் சிஸ்டத்தை விடுங்கள், அதன் மேல் ஓடும் நிரல்கள் அதை எப்படி நம்பியிருக்கின்றன என்று பார்த்தார்கள். கிட், எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் உள்ளிட்ட 11 நிரல்களில், கணினி சரியாத நேரத்தில் சரிந்தால் சிக்கலாகக்கூடிய 60 ஓட்டைகளைக் கண்டார்கள். மிகக் கவனமாக எழுதப்பட்டவை என்று பெயர் வாங்கிய நிரல்கள் இவை. ஒரு ஃபைல் சிஸ்டத்தின் மேல் பத்திரமாக இருக்கும் நிரல் இன்னொன்றின் மேல் பத்திரமாக இல்லை. 2009-ன் சண்டை ஒரு விதிவிலக்கு அல்ல, எல்லா இடத்திலும் அமைதியாக நடந்துகொண்டிருப்பதுதான் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

பத்து வருடம் கழித்தும் அதே கதை. 2023 நவம்பரில் இசட்எஃப்எஸ்ஸின் புதிய 2.2 பதிப்பில் சில கோப்புகளின் நடுவே பூஜ்யங்கள் தோன்றின. புதிதாகச் சேர்த்த பிளாக் குளோனிங் வசதிதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். தோண்டிப் பார்த்தால், பிழை பல வருடமாக உள்ளேயே இருந்தது; புதிய சூழல் அதை வெளியே கொண்டுவந்திருந்தது. அடுத்த மாதமே டெபியன் 12.3-ன் வெளியீடு நிறுத்தப்பட்டது. காரணம், நம் எக்ஸ்ட்4. நிலையான கெர்னலுக்கு ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் அதற்கு முன்தேவையான இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவரவில்லை. தரவு கெடும் அபாயம் தெரிந்ததும் நிறுத்தி, டிசம்பர் 10-ல் நேரடியாக 12.4-ஐ வெளியிட்டார்கள். பதினைந்து வயதான, கோடிக்கணக்கான ஃபோன்களிலும் சர்வர்களிலும் ஓடும் ஃபைல் சிஸ்டத்துக்கே இது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு ஆப்பிளுடையது. 2017 மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 அப்டேட்டின்போது கோடிக்கணக்கான ஐஃபோன்கள் பழைய எச்எஃப்எஸ் பிளஸ்ஸிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாறின. பெரும்பாலானவர்களுக்கு மாறியதே தெரியாது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி பிறகு சொன்னார். அதற்கு முந்தைய சில அப்டேட்களிலேயே மாற்றத்தை ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஃபோன் தன் கணக்கேட்டைப் புதிய முறையில் எழுதிப் பார்த்து, சரியாக வந்ததா என்று சோதித்து, முடிவை ஆப்பிளுக்குச் சொல்லிவிட்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடும். பயனரிடம் கேட்காமல் செய்தது சரியா என்பது தனிக் கேள்வி. ஆனால் தயாரா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல் அளந்து பார்த்தார்கள். திரும்பிவர வழி வைத்துவிட்டு அளந்தார்கள். 2001-ல் ட்வீடி செய்ததன் பெரிய வடிவம்தான் இது.

அப்படி அமையாமல் போவதற்கும் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் பல வருடம் உழைத்த பிகேஷ்எஃப்எஸ், 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில் சேர்ந்தது. டிஸ்க் அமைப்பில் அழகான யோசனைகள் கொண்டது. ஆனால் எந்தப் பேட்ச் எப்போது உள்ளே வரலாம் என்பதில் அவருக்கும் டோர்வால்ட்ஸுக்கும் தொடர்ந்து உரசல். 2025-ல் 6.18-க்கான வேலையின்போது அது கெர்னலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தனி மாட்யூலாகத் தொடர்கிறது. அதை நம்பித் தன் டிஸ்க்கைக் கொடுத்தவருக்கு நேர்ந்த சங்கடத்துக்குக் காரணம் ஒரு பைட் பிழை இல்லை, இரண்டு மனிதர்கள் ஒத்துப்போகாதது.

*

போன மாதம் அந்த நண்பன் அழைத்தான். இப்போது அவனுக்கு இரண்டு குழந்தைகள். பத்து வருடப் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு பெட்டியில் வைக்கப்போகிறானாம். நான்கு டிஸ்க் வாங்கியாயிற்று. "நீ இதுலதான இருக்க, எந்த ஃபைல் சிஸ்டம் போடலாம், சொல்லு" என்றான்.

பெயர் சொல்வதற்கு முன்னால் நான் கேட்டவை இவைதான். இது கெட்டுப்போனால் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? அந்தப் பிரதியிலிருந்து ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாயா? பிடிக்கவில்லை என்றால் திரும்பிவர வழி இருக்கிறதா? பழுது வந்தால் சரிசெய்யும் கருவி இருக்கிறதா, உனக்கு அதை ஓட்டத் தெரியுமா? ஐந்து வருடம் கழித்தும் இதைக் கவனிக்க ஆள் இருப்பார்களா, ஒரே ஒருவரா, பலரா? அதில் இருக்கும் எந்த வசதி உனக்குத் தேவை, சும்மா புதியது என்பதற்காகக் கேட்கவில்லையே?

"இவ்வளவு இருக்கா? அன்னிக்கு நீ எக்ஸ்ட்4 போடும்போது இதெல்லாம் யோசிச்சியா?" என்றான் சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் சொன்னேன். டிஸ்க் கெடவில்லை, நான் தேர்ந்தெடுத்ததாலும், 'கட்' செய்ததாலும், ஒரு நிமிடம் காத்திருக்காததாலும் போனது என்று. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். பிறகு, "அந்தப் பதினேழுல ஒன்னு எங்க தாத்தா நின்னது. அவரோட கடைசி போட்டோ அதுதான்" என்றான். அவன் இதை இதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு டிஸ்க்கில் செக்சம் உள்ள ஃபைல் சிஸ்டத்தை இரட்டைப் பிரதியாகப் போடச் சொன்னேன். மூன்றாவதில் சாதாரண எக்ஸ்ட்4, வாரம் ஒருமுறை நகல். நான்காவதில் ஒரு பிரதி எடுத்து ஊரில் அக்கா வீட்டில் வைக்கச் சொன்னேன். நகலெடுத்து, சரிபார்த்து, பிறகு அழி, 'கட்' மட்டும் பண்ணாதே என்றேன். யுபிஎஸ் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

"அதைத்தான்டா முதல்ல வாங்கினேன்" என்றான்.